நீலப் புள்ளி அட்டை

எங்கள் வீட்டில் ஒரு மாதமாகத் தோசை கிடையாது. கல் இருக்கிறது. ஆனால் அதன் மேல் ஈயம் உருகியிருக்கிறது, இனி அதில் சாப்பாட்டுச் சாமான் எதையும் வைக்கக் கூடாது. கெடுத்தது நான்தான், அதுவும் தெரிந்தே. நாற்பத்தெட்டுக் கால் உள்ள ஒரு சிப்பைப் போர்டில் ஒட்டவைக்க அடியிலிருந்து ஒரே சீராகச் சூடு வேண்டும். வீட்டில் அதற்கு வேறு என்ன இருக்கிறது? கல்யாணத்துக்குச் சீராக வந்த கல்லை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

என் பெயர் செல்லக்கனி. விளாத்திகுளம் பக்கம் ஊர். சுங்குவார்சத்திரத்தில் செல்போன் போர்டு செய்கிற கம்பெனியில் எட்டு வருஷமாக டச்-அப் வேலை. சிப்புகளை மெஷின் வைக்கும், ஓவன் ஒட்டவைக்கும். அதில் ஏதாவது ஒரு கால் ஒட்டாமல் நின்றிருந்தால், அல்லது இரண்டு கால் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் போர்டு என் மேஜைக்கு வரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சரிசெய்வேன். காலுக்கும் காலுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. எங்கள் லைனில் என் கைக்கு ஈடு கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் கிடையாது. அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

என் வீட்டுக்காரர் பேச்சிராஜுக்கு ஒரகடம் தாண்டி, சேரப்பணஞ்சேரி போகிற வழியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கார்களுக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுக்கிற இடம். பிரஸ் மெஷினுக்குள் கையால் தகட்டை வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து அறுபது டன் இறங்கும். மணிக்கு ஐநூறு அடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏழு வினாடிக்கு ஒரு தரம் அவர் கை உள்ளே போய் வெளியே வர வேண்டும். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை இதுதான் வேலை.

கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்காமல் நிறுத்துகிற சென்சார் அந்த மெஷினிலேயே இருக்கிறது. அதைச் சாவி போட்டு அணைத்து வைத்திருக்கிறார்கள். அது ஓடினால் மணிக்கு முந்நூறுதான் அடிக்க முடியுமாம். கார் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிற அன்று மட்டும் போடுவார்கள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் கேட்டைத் தாண்டியதும் சாவி பழையபடி திரும்பிவிடும்.

ஆடி மாதம் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ராமன் என்பவருக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. பக்கத்து மெஷினில் நின்றது என் வீட்டுக்காரர். அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வாளியில் அமுக்கினார். இரண்டு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு அவரையே மாற்றினார்கள்.

நான் விடுவேனா? வேலையை விட்டுத் தொலையுங்கள் என்றேன். எங்கே போனாலும் இதே பிரஸ்தான், இதே ஐநூறுதான் என்றார். சென்சாரைப் போடச் சொல்லுங்கள் என்றேன். கேட்கிற காண்ட்ராக்ட் ஆளை மறுநாள் கம்பெனி வேனில் ஏற்ற மாட்டார்கள் என்றார். நான் ஜாக்கிரதையாகத்தான் இருப்பேன், நீ பயப்படாதே என்றார். அப்படியானால் ராமன் என்ன தூங்கிக்கொண்டா இருந்தார் என்று கேட்டேன். அவர் எழுந்து போய்க் கை கழுவினார்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டு மாடியில் சிவசங்கர் குடியிருந்தார். எங்கள் கம்பெனியிலேயே டெஸ்டிங் இன்ஜினியர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவரிடம் புலம்பினேன். அவர் யோசித்துவிட்டு, நாமே ஒன்று செய்துவிடலாம் என்றார். பெடலிலிருந்து மெஷினுக்குப் போகிற ஒயரில் ஒரு பிளக் உண்டு. அதைக் கழற்றி நடுவில் ஒரு சின்னப் பெட்டியைச் சொருக வேண்டும். கையைப் பார்க்கிற இரண்டு சின்ன சென்சார்களை மெஷின் வாயருகே டேப் போட்டு ஒட்ட வேண்டும். கை உள்ளே இருந்தால் பெட்டிக்குள் இருக்கிற சிப் பெடலைத் தடுத்துவிடும். எவனுடைய சாவியையும் தொட வேண்டாம், எவனிடமும் கெஞ்ச வேண்டாம். போர்டை வரைவதும் ப்ரோகிராம் எழுதுவதும் அவர் பொறுப்பு, சிப்பை ஒட்டுவது என் பொறுப்பு. அவர் அன்று சொன்ன ஒன்று மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"சிப் மொத்தமா செத்தா பயமில்லக்கா. பெடல் வேலை செய்யாது, அவ்ளோதான். அரைகுறையா சாகக் கூடாது. சென்சார் சொல்றதைக் கேக்கற கால் மட்டும் அறுந்துதுன்னா, கை உள்ள இருந்தாலும் இல்லன்னு நெனச்சுக்கும்."

கால் அறுவதா? என் கையில் ஒட்டினது அறுமா? சிரித்துவிட்டேன்.

சிவசங்கர் போர்டை வரைந்து ஆர்டர் போட்டுவிட்டு ஓசூருக்கு மாற்றலாகிப் போனார். சிப்புகள் முதலில் கூரியரில் வந்துவிட்டன. ஐந்து சிப். வெள்ளித்தாள் மாதிரி ஒரு உறையில் காற்றை உறிஞ்சி மூடியிருந்தார்கள். உறையின் மேலே ஏதோ மஞ்சள் ஸ்டிக்கர். வந்த ஐந்தாவது நிமிஷம் ஸ்டிக்கரோடு சேர்த்துக் கத்திரிக்கோலால் வெட்டினேன். ஆசை, வேறென்ன? உள்ளே சிப்புகளோடு ஒரு சின்னப் பொட்டலமும் ஒரு அட்டையும் இருந்தன. பொட்டலம் செருப்புப் பெட்டியில் வருவது போலத்தான், குப்பையில் போட்டேன். சிப்புகளைப் பழைய பெருங்காய டப்பாவில் வைத்தேன்.

அட்டை அழகாக இருந்தது. மயில்கழுத்து நீலத்தில் வரிசையாக மூன்று புள்ளிகள். பக்கத்தில் எறும்பு எழுத்தில் இங்கிலீஷ். நான் பிளஸ் டூ படித்தவள், படிக்கத் தெரியாதவள் அல்ல. படிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த நீலத்துக்காக அடுக்களை ஷெல்ஃபில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

போர்டு வர இருபத்து நான்கு நாள் ஆனது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்களுடையது ஒற்றை அறை, அதிலேயே அடுக்களை. துணி காயவே காயாது. உள்ளேயே கயிறு கட்டிப் போட்டு, அதற்கு அடியில் குனிந்துதான் நடப்போம். உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. அட்டையில் இருந்த புள்ளிகளும் மெல்ல மாறிக்கொண்டு வந்தன. ஒரு வாரத்தில் ஊதா ஆயின. அப்புறம் நல்ல ரோஸ், பஞ்சுமிட்டாய் ரோஸ். இங்கே பாருங்கள், கலர் மாறுகிறது என்று அவரிடம் காட்டினேன். சாயம் போகிறது, மலிவு அட்டை என்றார். ரோஸும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். வாயில் அடித்துக்கொள்ள வேண்டும் என்னை.

போர்டு வந்தது. முதல் சிப்பைத் திருப்பி வைத்து எரித்தேன். இரண்டாவது கல்லின் மேல் நகர்ந்து கோணலாக ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் இதெல்லாம் மெஷினும் ஓவனும் பார்க்கிற வேலை. போர்டு அவற்றைத் தாண்டித்தானே என் மேஜைக்கு வரும்? மூன்றாவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வைத்தேன். கல் சூடானது, ஈயம் பளபளவென்று உருகிக் கால்களைப் பிடித்துக்கொண்டது. அப்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கல் சூட்டில் சத்தம் போடுகிறது என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தேன். ஆறியதும், வாங்கி வைத்திருந்த சின்ன மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு இடத்தில் மட்டும் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அது எனக்கு ஒரு வேலையே இல்லை. அஞ்சு நிமிஷத்தில் பிரித்துவிட்டேன். நாற்பத்தெட்டுக் காலும் நெல்மணி வரிசை மாதிரி நின்றன. போட்டோ எடுத்து அனுப்பினேன். மெஷினே இப்படி ஒட்டாதுக்கா என்று சிவசங்கர் பதில் போட்டார். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அவர் போனில் சொல்லச் சொல்ல, ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கி ப்ரோகிராமை ஏற்றினேன். கையை நீட்டினால் சிவப்பு விளக்கு, எடுத்தால் பச்சை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஆயிரம் தடவை இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வீட்டுக்காரரும் கையை நீட்டிப் பார்த்தார். சிவப்பு எரிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய ஆள்தான் நீ என்று சொன்னார். மறுநாள் பெட்டியை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, டிபன் பையில் சாப்பாட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

தினமும் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பேன், இன்றைக்கு வேலை செய்ததா என்று. ஜம்மென்று செய்தது என்பார். சூப்பர்வைசர் பார்த்தாரா என்று கேட்பேன். அந்த ஆள் பெடலுக்குக் கீழே குனிந்தா பார்க்கப் போகிறான் என்பார். பதினோரு நாள். ஆடி மாதத்துக்கு அப்புறம் நான் ஒழுங்காகத் தூங்கியது அந்தப் பதினோரு நாள்தான்.

பன்னிரண்டாம் நாள் எங்கள் லைனில் வேலை இல்லை. ஏதோ சாமான் வரவில்லையாம். சும்மா இருப்பவர்களைப் பிரித்து மற்ற டிபார்ட்மெண்டுகளுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஸ்டோர் விழுந்தது. எட்டு வருஷத்தில் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் நான் போனதே இல்லை. அங்கே சசிகலா என்று ஒரு பெண் இருந்தாள். வல்லம் கிராமத்துக்காரி. வாய் ஓயாமல் பேசுவாள், கை அதைவிட வேகமாக ஓடும். மேஜை மேல் வெள்ளித்தாள் உறைகள் குவிந்திருந்தன. ஒன்றைப் பிரித்தாள். உள்ளேயிருந்து முதலில் எடுத்தது ஓர் அட்டை. மூன்று நீலப் புள்ளி.

இது எங்கள் வீட்டில்கூட இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். இது எதற்கு என்றும் கேட்டேன்.

"இன்னாக்கா, இத்தினி வருசம் இருந்துகினு இது தெரியாதா? கவரைப் பிரிச்சதும் மொதல்ல இதத்தான் பாக்கணும். புள்ளி நீலமா கீதுன்னா, லைனுக்கு அனுப்பலாம். ரோஸ் ஆயிடுச்சுன்னா அனுப்பவே கூடாது. சிப்பு ஈரத்தைக் குடிச்சிக்கினு கீதுன்னு அர்த்தம். ஒரு நாள் ஃபுல்லா ஓவன்ல காய வச்சிட்டுதான் தரணும்."

காய வைக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அப்படியே சூட்டுல போட்டா உள்ள கீற தண்ணி ஆவியாயி வெடிச்சிடும். டிக்குனு ஒரு சவுண்டு வரும், அவ்ளோதான். வெளிய ஒண்ணும் தெரியாது. செத்துப்போனாக்கூட பரவால்லக்கா, டெஸ்டிங்ல மாட்டிக்கும். இது சாவாது. உள்ள ஏதோ ஒரு கால் தொட்டும் தொடாம நிக்கும். ஜில்லுனு இருந்தா நல்லா வேலை செய்யும், சூடு ஏறினா விட்டுடும்."

வெடித்ததா இல்லையா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். உடைத்துப் பார்த்தால் தெரியும், உடைத்துவிட்டால் அப்புறம் அது சிப் இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

பெருங்காய டப்பா. ஐப்பசி மழை. ரோஸ் புள்ளி. டிக். எல்லாம் என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. ஷெல்ஃபில் ஒட்டி, தினமும் பார்த்து, ரசித்து வேறு இருக்கிறேன். நான் ஆயிரம் தடவை கையை நீட்டிப் பார்த்தது மழைநாளில், மின்விசிறிக்கு அடியில், ஜில்லென்ற அறையில். பிரஸ் ஷாப்பில் தகரக் கூரை. மெஷினில் கை வைத்தால் பொசுக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தச் சூட்டில் அந்தப் பெட்டி பதினோரு நாளாக இருக்கிறது. அவர் அதை நம்பி, முன்னைவிடத் தைரியமாகக் கையை உள்ளே விட்டுக்கொண்டிருப்பார். நான் செய்தது என்பதால் நம்புவார்.

மணி பத்தரை. எங்கள் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அவருடைய கம்பெனியிலும் அப்படித்தான். அவுட்பாஸ் கேட்டேன். காரணம் கேட்டார்கள். வயிற்றுவலி என்றேன். மெடிக்கல் ரூமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மாத்திரையைக் கொடுத்து அரை மணி நேரம் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன், வேறு என்ன செய்ய? மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு, ஏழு வினாடிக்கு ஒன்று, ஏழு வினாடிக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து போய் மறுபடி கேட்டேன். சூப்பர்வைசர் மீட்டிங்கில் இருந்தார். கடைசியில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று சொல்வது? வீட்டில் தோசைக்கல்லில் சிப் ஒட்டினேன் என்றா? அழுகை வந்தது. அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

கேட்டில் பையைச் சோதித்து விட்டதும் போனை எடுத்து அவருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவருடைய லாக்கரில்தான் அடிக்கும், அங்கே யார் எடுப்பார்கள்? தெரிந்தே பதினான்கு தடவை அடித்தேன். பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர், அங்கே மாறி ஒரகடம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நான் நிற்கிறேன், பஸ்ஸோ கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவள் மேலே சாய்கிறேன் என்று சண்டைக்கு வந்தாள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரகடம் மேம்பாலத்துக்கு அப்பால் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொங்கி, அவருடைய கம்பெனி வாசலுக்கு வரும்போது மணி ஒன்று.

சாத்திய கேட். உள்ளே தகரக் கொட்டகை. பிரஸ்கள் அடிக்கிற சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். பேர் கேட்காமலே ராமன் என்று தெரிந்துகொண்டேன். வெளியில் போய்ப் புகார் சொல்லாமல் இருக்க, அவருக்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பேச்சிராஜ் சம்சாரம் என்றேன். அவசரமாகப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் இன்டர்காமில் பேசினார். மறுமுனையில் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. ஒன்றரைக்குச் சாப்பாட்டு பெல், அதற்கு முன்னால் மெஷினை நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு வார்த்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள், அந்தப் பெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். எந்தப் பெட்டி என்று அவர் கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். அதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் கை போய்விடும். ஒரு கேட்டுக்கு வெளியே நின்று இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? மறுபடியும் வாயைத் திறந்தேன், மூடினேன்.

ராமன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, காது கொடுத்தார்.

"பயப்படாதம்மா. மூணாம் நம்பரு சத்தம் தனியா கேக்கும், அடிச்சதும் பின்னாடி ஒரு நடுக்கம் வரும். கேளு. ஓடிக்கினுதான் கீது. ஓடுற வரைக்கும் ஒண்ணுமில்ல."

கேட்டேன். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. ஒரு அடி, கூடவே ஒரு நடுக்கம். ஒவ்வோர் அடிக்கும் மூச்சை விட்டேன். அடுத்த அடி வரும் வரை மூச்சு வரவில்லை. ஒன்றரை மணிக்கு பெல் அடித்து எல்லாம் நிற்கும் வரை அப்படியே நின்றேன்.

அவர் டிபன் பையோடு வேகமாக வந்தார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் பார்த்தேன். இரண்டு கையும் இருந்தன. எண்ணெயும் அழுக்குமாகப் பத்து விரலும் இருந்தன. ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போனேன்.

"பெட்டியக் கழத்திருங்க. இப்பவே போய்க் கழத்திருங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கேட்டுக்குள் திரும்பிப் போய் லாக்கரைத் திறந்தார். வந்து, அதே மஞ்சள் துணியில் சுற்றிய பெட்டியை என் கையில் வைத்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை. துணியில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. பதினோரு நாள் பிரஸ் ஷாப்பில் ஓடின பெட்டியில் எண்ணெய் படாமல் இருக்குமா? எனக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

"மொத நாளு மட்டுந்தான் மாட்டுனேன் கனி," என்றார். "கை முழுசா வெளிய வந்தாத்தான் விடுது. டீ பெல்லுக்குள்ள முந்நூறு அடி கொறஞ்சுபோச்சு. யாரும் ஒண்ணுஞ் சொல்லல. நானேதான் கழத்திட்டேன்."

அப்படியானால் தினமும் ஜம்மென்று வேலை செய்கிறது என்று சொன்னது?

"நீ தூங்குத இல்ல, அதுக்குத்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தப் பெட்டியை எடுத்து அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அதே நேரத்தில் அவர் அதை மாட்டவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது. பதினோரு நாளும் வெறும் கையோடுதான் உள்ளே விட்டு எடுத்திருக்கிறார். நான் வீட்டில் குறட்டை விட்டிருக்கிறேன். எதை நினைத்து அழுவது என்றே தெரியாமல் அழுதேன்.

நான் அழுவதைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. முழங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த பெட்டிக்காகக் கையை நீட்டினார்.

"குடு. ஒன் தலையில அடிச்சுச் சத்தியம், இன்னிக்கு மத்தியானத்துல இருந்து மாட்டுதேன். அடி கொறஞ்சா கொறயட்டும். வேலைய விட்டு நிறுத்துனா நிறுத்தட்டும். இனிமே இது இல்லாம கைய உள்ள விட மாட்டேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக நான்கு மாதமாக நான் போடாத சண்டை இல்லை. கெஞ்சியிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன், நாற்பத்தெட்டுக் காலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதை அவர் வாயால், என் தலைமேல் சத்தியமாகச் சொல்லிக்கொண்டு கையை நீட்டி நிற்கிறார்.

"வேண்டாம்," என்றேன். "மாட்டாதீங்க."

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுபடி கெஞ்சினார். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையைச் சொன்னேன், ரோஸ் புள்ளியைச் சொன்னேன், டிக் சத்தத்தைச் சொன்னேன். உள்ளே வெடித்திருக்கலாம், வெடிக்காமலும் இருக்கலாம், எனக்கே தெரியாது என்றேன். சூடேறினால் கை உள்ளே இருக்கும்போதே இல்லை என்று சொல்லிவிடும் என்றேன். சாயம் போகிறது என்று தான் சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. நாற்பத்தெட்டுக் காலும் வரிசையாக, அழகாகத்தான் இருக்கும்.

வேறு ஒன்று செய்துவிடுவாயா என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார். புது சிப் வாங்கலாம், ஓவனில் காய வைக்கச் சொல்லிச் சசிகலாவிடம் கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் அட்டை என்றால் என்னவென்று எனக்கு இன்று காலைதான் தெரிந்தது. நான் போகாத கண்ணாடிக் கதவுகள் அந்தக் கம்பெனியில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அதற்குள்ளே யார் யாருக்கு என்னென்ன தெரியுமோ? இத்தனை நாள் என் மேஜை ஒன்றையே முழுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி என் கையால் செய்த எதையும் அவர் கைக்கு மேலே வைக்க எனக்குத் தைரியம் இல்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

சாப்பிடுங்கள் என்றேன். நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். இரண்டு மணிக்கு பெல் அடித்தது. டிபன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஜாக்கிரதையாக இருப்பேன் கனி என்றார். ஆடி மாதம் சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை நான் திருப்பி எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டுக்குள் போனார், கொட்டகைக்குள் போனார், அப்புறம் தெரியவில்லை.

ஒவ்வொரு மெஷினாக ஓடத் தொடங்கியது. மூணு ஆரம்பிச்சிடுச்சி, நீ கெளம்பும்மா என்று ராமன் உள்ளேயிருந்து சொன்னார். ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோ வந்து நின்று, என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியிலேயே நின்றேன். ஒரு அடி, கூடவே ஒரு நடுக்கம். ஏழு வினாடிக்கு ஒரு தரம் கேட்டது. அது கேட்கிற வரைக்கும் அவர் கை இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.